ஆறாவது லில்லி

“தாய் காலமானாள். குடும்பம் கலங்கியிருக்கிறது.”

கௌனாஸ் நகரத்தில், தலைக்கு மேல் போகும் மின்கம்பியைப் பிடித்து ஓடும் ஏழாம் எண் டிராலிபஸ்ஸைச் சந்தை நிறுத்தத்தில் நிறுத்திவிட்டு, பைகளோடு வந்த பெண்கள் ஏறி முடிக்கட்டும் என்று காத்திருந்தபோது ஸிக்மாஸின் செல்போனில் இந்தச் செய்தி வந்தது. அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘துஸ்கே’ என்றிருந்தது. வேறு ஒரு வார்த்தை இல்லை.

ஸிக்மாஸ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கதவுகள் மூடின. வண்டி நகரவில்லை.

“என்ன டிரைவரே, கம்பி கழண்டுடுச்சா?” என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

“இல்லம்மா. ஒரு சாவுச் செய்தி.”

“அய்யோ, யாரு?”

“தெரிஞ்ச பொண்ணோட அம்மா.”

அந்தப் பெண் சிலுவை போட்டுக்கொண்டாள். அவளைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவரும் போட்டுக்கொண்டார். பேச்சு அடங்கியது. காதில் பாட்டு மாட்டியிருந்த ஓர் இளைஞன்கூட, என்னவென்று தெரியாமலே அதைக் கழற்றிவிட்டுத் தலை குனிந்து நின்றான். முன்பின் தெரியாத ஒருத்திக்காக ஒரு பஸ் முழுக்க மௌனமாக நிற்க முடிகிறது என்றால் உலகம் இன்னும் அவ்வளவு கெட்டுப்போய்விடவில்லை என்று எண்ணியபடி ஸிக்மாஸ் வண்டியை எடுத்தார்.

‘தெரிந்த பெண்’ என்று அவர் சொன்னது முழு உண்மை அல்ல. உர்தேயை அவர் நேரில் பார்த்ததே இல்லை. யோனாவாவுக்கு அப்பால் எங்கோ ஒரு பண்ணையில் தேனீ வளர்க்கும் பெண் அவள். பெட்டிக்குள் வைத்துவிட்டால், ரீங்காரத்தைக் கேட்டே தேனீக்கள் நலமா, பசியா, நோயா என்று சொல்லிவிடும் சின்னக் கருவி ஒன்றைச் செய்திருந்தாள். வங்கிகள் கைவிரித்துவிட்டன. அதனால், புதுக் கம்பெனிகளுக்கு ஊரார் சிறுகச் சிறுகப் பணம் போட்டுப் பங்கு வாங்கிக்கொள்ளும் இணையதளம் ஒன்றில் ‘துஸ்கே’ என்ற பெயரில் கடை விரித்திருந்தாள். துஸ்கே என்றால் ரீங்கரிப்பவள்.

அந்தத் தளத்தில் ஒரு சின்ன வீடியோ இருந்தது. போன கோடையில் எடுத்தது. மகள் கருவியைப் பற்றிப் பேசிக்கொண்டே போகிறாள். பின்னால் பச்சைத் தலைத்துணி கட்டிய அம்மா வந்து, மகளின் சட்டைக் காலரில் மாட்டிக்கொண்ட ஒரு தேனீயை வெறும் விரலால் மெல்ல எடுத்து, ஊதிப் பறக்க விடுகிறாள். மகளுக்கு அது தெரியவே இல்லை. கருவி பற்றி ஸிக்மாஸுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த விரல் புரிந்தது. குளியலறை ஓடுகளுக்காக வைத்திருந்த இருநூறு யூரோவை அன்றே போட்டுவிட்டார்.

விதிகள் நீளமாக இருந்தன. வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் குறித்த தொகை சேர வேண்டும். சேராவிட்டால் போட்டவர்களுக்கெல்லாம் பணம் திரும்பிவிடும், உர்தேக்கு ஒரு காசு கிடைக்காது. பணம் போட்டவர் நாலு நாளுக்குள் மனம் மாறினால் விலகிக்கொள்ளலாம். இதெல்லாம் முதல் பக்கத்தில் இருந்தது. முதலில் சேர்ந்த பத்துப் பேருக்கு ஆளுக்கொரு தேன்பெட்டி ஒதுக்கி, அதன் நிலவரத்தை அவ்வப்போது அனுப்புவோம் என்பது ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. ஸிக்மாஸ் மூன்றாவதாகச் சேர்ந்தவர். ஆனால் ஒன்பதாம் பக்கம் வரைக்கும் போகிறவர்கள் வக்கீல்கள் மட்டும்தான்.

வீட்டில் மனைவி அல்தோனா பீட்ரூட் குளிர் சூப்புக்கு வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“எந்த அம்மா? பச்சைத் துணி கட்டினவங்களா?”

“அவங்கதான்.”

அல்தோனா கத்தியைக் கீழே வைத்தாள். “பார்க்காத தேனீக்குப் பணத்தைக் கொட்டிட்டு, உடைஞ்ச ஓட்டுல நான் கால் வைக்கணும்” என்று பல வாரங்களாகக் குத்திக்காட்டியவள் அவள். அன்று ஓடுகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சாவு விழுந்த வீடுகளுக்குப் போய்ப் பாடுகிற கோவில் பெண்கள் குழுவுக்கு அவள்தான் தலைவி. சாவு என்று வந்துவிட்டால் அவளுக்குக் கோபமெல்லாம் அடுப்பங்கரையோடு சரி.

“நல்லாப் பாத்தியா, மனுஷா? காலமானாள்னுதான் இருக்கா?”

“அப்படித்தான் இருக்கு. நாயோ மாடோ இருந்தா செத்துப்போச்சுன்னு போட்டிருப்பாங்க. காலமானாள்னா மனுஷிதானே?”

“அதுல என்ன சந்தேகம்? எழுது. அந்தப் பொண்ணு தனியா அழக் கூடாது.”

துஸ்கேயின் பக்கத்தில், பணம் போட்டவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஓர் இடம் இருந்தது. அல்தோனா சொல்லச் சொல்ல ஸிக்மாஸ் ஒற்றை விரலால் எழுதினார்: “நம் உர்தேயின் அன்புத் தாயார் இறைவனடி சேர்ந்தார். நாம் வெறும் பங்குதாரர்கள் அல்ல, மனிதர்கள். ஆளுக்கொரு ஜெபம் சொல்லுவோம்.”

விளக்கு வைப்பதற்குள் அந்த இடம் நிறைந்துவிட்டது. க்லைபெடாவிலிருந்து, ஷவுலேயிலிருந்து, அயர்லாந்தில் காய்கறி பறிக்கப் போன ஒருவரிடமிருந்து. முகம் தெரியாத நூற்றுக்கணக்கான பேர் ஒரு பெண்ணின் அம்மாவுக்காக மெழுகுவர்த்திப் படங்களை வைத்துக்கொண்டே போனார்கள்.

படுக்கப் போகும்போது உர்தேயிடமிருந்து ஸிக்மாஸுக்குத் தனியாக ஒரு வரி வந்தது.

“நன்றி ஐயா. நீங்கள்தான் முதலில் எழுதினீர்கள்.”

“பாத்தியா?” என்று ஸிக்மாஸ் மனைவியிடம் காட்டினார். “மத்தவங்க எல்லாம் எனக்கப்புறந்தான்.”

“பெருமைப்படற விஷயமா இது? படு” என்றாள் அல்தோனா. ஆனால் அவள் கண்ணும் ஈரமாக இருந்தது.

இதோடு விட்டிருந்தால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்திருக்காது.

வியாழக்கிழமை பணிமனையில் ரொட்டியும் பன்றிக்கொழுப்பும் தின்றுகொண்டிருந்தபோது அடுத்த செய்தி வந்தது.

“புதிய தாய் நாளை வருகிறாள். குடும்பம் அவளை ஏற்றுக்கொள்ள வேண்டும்.”

ஸிக்மாஸ் ரொட்டியைக் கீழே வைத்தார். தோளுக்கு மேலாக ரெமிகியுஸ் எட்டிப் பார்த்தார். அவரும் டிரைவர்தான். ஸிக்மாஸ் சொல்லித்தான் இந்த வாரம் துஸ்கேயில் ஐம்பது யூரோ போட்டிருந்தார். அதைத் தினமும் ஒரு முறையாவது சொல்லிக் காட்டாமல் இருக்க மாட்டார்.

“அடேங்கப்பா!” என்றார் ரெமிகியுஸ். “பழைய தாய் போய் மூணு நாள் ஆகலை. அதுக்குள்ள புதுசா? அந்தப் பொண்ணோட அப்பன் நம்ம வண்டியைவிட வேகமா இருப்பான் போலயே.”

“சும்மா இருய்யா. என்ன கஷ்டமோ?”

“கஷ்டம் நமக்குத்தான். பண்ணை யார் பேர்ல இருக்கு? பெட்டி யார் பேர்ல இருக்கு? நாளைக்கு வர்ற புதுப் பெண்டாட்டி ‘எல்லாம் என்னுது’ன்னா என் அம்பது யூரோ எங்கே போகும்?”

“உன் அம்பதுல அவ என்ன மாளிகையா கட்டப்போறா?”

“மாளிகை இல்லைய்யா, கல்யாண விருந்து!”

ரெமிகியுஸ் வாயோடு நிறுத்தவில்லை, துஸ்கேயின் பக்கத்திலும் போய் எழுதிவிட்டார்: “தகப்பனார் நாளையே மறுமணமாம். சொத்து யார் பேரில் என்று யாராவது விசாரித்தீர்களா?”

நேற்றுவரை மெழுகுவர்த்தி எரிந்த இடம் அது. இப்போது புகை கிளம்பியது. “ஈரம் காயலையே” என்றார் ஒருவர். “குடும்பத் தகராறு உள்ள இடத்தில் பணம் போடக் கூடாது என்று என் மாமனார் அப்போதே சொன்னார்” என்றார் இன்னொருவர். கடைசி வாரத்தில் பணம் போட்டவர்கள்தான் பாதிக்கு மேல். நாலு நாள் கெடு முடியாதவர்கள் ஒவ்வொருவராக விலகத் தொடங்கினார்கள். பக்கத்தின் உச்சியில், சேர்ந்த தொகையைக் காட்டும் பச்சைக் கோடு ஒன்று இருந்தது. காலையில் கரையைத் தொட இருந்த கோடு, மத்தியானத்துக்குள் உள்வாங்கிவிட்டது.

தன்னால் மூட்டப்பட்ட தீயைத் தானே அணைக்க வேண்டும் என்று ஸிக்மாஸ் உட்கார்ந்தார். நல்ல மனதோடுதான் எழுதினார்: “நண்பர்களே, யாரையும் தீர்ப்பிட வேண்டாம். வயதான மனிதர். சூப்பு வைத்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டாமா?”

“அப்படியானால் கல்யாணம் உண்மைதான்!” என்று உடனே பதில் வந்தது. கோடு இன்னும் கொஞ்சம் இறங்கியது.

ஸிக்மாஸ் மறுபடி எழுதினார்: “கவலை வேண்டாம். நம்மில் யாராவது வக்கீல் இருந்தால், பெட்டிகள் உர்தே பேரிலேயே இருக்கும்படி அந்தப் பெண்ணுக்கு இலவசமாக உதவலாமே.”

“வக்கீல் தேவைப்படும் அளவுக்கு முற்றிவிட்டதா?” என்று கேட்டார்கள். கேட்டவர்கள் பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. கோடு பாதிக்கு வந்துவிட்டது.

ஸிக்மாஸ் உர்தேக்குப் போன் போட்டுப் பார்த்தார். மணி அடித்தது, எடுக்கவில்லை. அவள் பக்கத்தில் ஒரு மறுப்பும் எழுதவில்லை. மௌனம் சம்மதம் என்று ஊர் எடுத்துக்கொண்டது.

“நீ இனிமே அந்தப் போனைத் தொட்டே, கையை உடைப்பேன்” என்றாள் அல்தோனா. “ஒரு பொண்ணோட பிழைப்பை ஒத்தை விரலால குத்திக் கொன்னுட்டியே.”

ஸிக்மாஸ் போனைக் கவிழ்த்து ஜன்னலோரம் வைத்தார்.

வெள்ளிக்கிழமை மாலை மூன்றாவது செய்தி வந்தது. அவர் அதைத் தொடவில்லை. அல்தோனாதான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள்.

“குடும்பம் புதிய தாயை ஏற்கவில்லை. சூழ்ந்துகொண்டு தாக்குகிறது. பாதுகாப்புக்காகக் கூண்டில் அடைத்து வைத்திருக்கிறோம்.”

அல்தோனா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, மறுபடியும் படித்தாள்.

“கூண்டுலயா?”

“அப்படித்தான் போட்டிருக்கு.”

“கல்யாணம் கட்டி வந்தவளைக் கூண்டுலயா?”

“போலீஸுக்குச் சொல்லலாமா?”

“போலீஸ் வந்தா அந்தப் பொண்ணு கம்பெனி இன்னிக்கே போச்சு. நாமளே போவோம்.” அல்தோனா எழுந்து கறுப்புத் தலைத்துணியைத் தேடினாள். “செத்தவங்களுக்குப் பாடணும். உசிரோட இருக்கிறவளை வெளிய விடணும். ரெண்டையும் ஒரே நடையில முடிச்சுடலாம்.”

சனிக்கிழமை காலை கோவில் வேனை இரவல் வாங்கி ஸிக்மாஸ் ஓட்டினார். அல்தோனாவோடு பாடுகிற பெண்கள் நாலைந்து பேர், எல்லாரும் கறுப்பில்.

“கம்பி இல்லாம ஓட்டத் தெரியுமாய்யா உனக்கு?” என்றாள் அவர்களில் மூத்த ஸ்தாஸே. “பழக்க தோஷத்துல நிறுத்தத்துக்கு நிறுத்தம் நிப்பியோ?”

“வாயை மூடிக்கிட்டு வாங்க ஸ்தாஸே. துக்கத்துக்குப் போறோம்.”

“துக்கம் அங்க போய்த்தானே? வழியில என்ன?”

வழியில் பூக்கடையில் நின்றார்கள். “வீட்டுக்கா, கல்லறைக்கா?” என்று கடைக்காரி கேட்டாள். “கல்லறைக்கு” என்றாள் அல்தோனா. கடைக்காரி ஆறு வெள்ளை லில்லிகளை எண்ணிக் கட்டினாள். உயிரோடிருப்பவருக்கு ஒற்றைப்படை, இறந்தவருக்கு இரட்டைப்படை. இதில் தப்புச் செய்கிற கடைக்காரி எங்கள் நாட்டில் ஒரு வாரம் கடை நடத்த முடியாது.

யோனாவாவைத் தாண்டிப் பாதை மண்ணாகியது. இருபுறமும் வீடுகள் இருந்தன, ஆட்கள் இல்லை. ஜன்னல்களில் பலகை அடித்துவிட்டு எல்லாரும் நார்வேக்குப் போயிருந்தார்கள். பாதை முடிகிற இடத்தில் லிண்டன் மரங்களுக்குக் கீழே தேன்பெட்டிகள் வரிசையாக நின்றன. முதல் பெட்டியின் மேல், காற்றில் பறக்காமல் இருக்கக் கல் வைத்து, ஒரு பச்சைத் தலைத்துணி மடித்துப் போட்டிருந்தது.

வேலியோரம் இறங்கிய பெண்கள் துணியைச் சரிசெய்துகொண்டு, சாவு வீட்டு வாசலில் பாட வேண்டிய பாட்டை அங்கேயே தொடங்கிவிட்டார்கள். அல்தோனாவின் குரல் முன்னால் போக மற்றவை பின்னால் சென்றன.

உர்தே வெளியே வந்தாள். வீடியோவில் பார்த்ததைவிட மெலிந்திருந்தாள். படியிலேயே நின்றுவிட்டாள். தேனீக்களை அடக்கக் கையில் வைத்திருந்த புகைமூட்டியைக் கீழே வைத்து, விரல்களைக் கோத்துக்கொண்டாள்.

பாதிப் பாட்டில் அல்தோனாவுக்குச் சந்தேகம் தட்டியது. வாசலில் மெழுகுவர்த்தி இல்லை. திறந்த கதவு வழியே தெரிந்த நிலைக்கண்ணாடியைத் துணியால் மூடவில்லை. துக்க வீட்டின் அடையாளம் எதுவுமே இல்லை. குரலை இறக்கினாள்.

“நிறுத்தாதீங்க” என்றாள் உர்தே. “முழுசாப் பாடிடுங்க.”

முழுக்கப் பாடினார்கள். கடைசி அடி முடியும்வரை அந்தப் பெண் அசையவில்லை. கண்ணீரைத் துடைக்கவும் இல்லை.

அந்த நேரம் பார்த்து, கொட்டகையிலிருந்து சுத்தமான சட்டை போட்ட ஒரு கிழவர் வந்தார். அல்தோனா பாட்டுப் புத்தகத்தை மூடினாள். நேராக அவரிடம் போனாள்.

“உங்களுக்கு வெக்கமா இல்லையா?”

கிழவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. “என்னையா கேக்கறீங்க?”

“உங்களைத்தான். இந்த வயசுல என்ன அவசரம்? ஒரு வாரம் பொறுக்கக் கூடாதா? வந்தவளையாவது மரியாதையா வெச்சுக்கறீங்களா? அடைச்சு வெச்சிருக்கீங்களாமே!”

“யாரை?”

“உங்க புதுப் பெண்டாட்டியைத்தான்!”

கிழவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு தலைமுடியைக் கையால் படிய வாரிக்கொண்டார். “எனக்கு இன்னும் முதல் கல்யாணமே ஆகலை அக்கா” என்றார் மெதுவாக. “ஆனா நீங்க சொல்றதைக் கேட்டா… எங்க இருக்காங்க? எப்ப வர்றாங்க?”

ஸ்தாஸே தலைத்துணி முனையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

“இவர் ஃபெலிக்ஸாஸ். பக்கத்து வீடு. பெட்டி செய்யற தச்சர்” என்றாள் உர்தே.

“நான்தாம்மா ஸிக்மாஸ், முதல்ல எழுதினவன். அப்ப உங்கப்பா?” என்றார் ஸிக்மாஸ்.

“நான் பிறந்ததுலேர்ந்தே இல்லை ஐயா.”

“அப்ப புதுத் தாய்?”

ஃபெலிக்ஸாஸின் முகம் தெளிந்தது. “அட, அவளா!” என்று சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்தார். தீப்பெட்டி அளவுக்கு ஒரு வலைக்கூண்டு. உள்ளே நீள உடம்போடு ஒரு தேனீ நடந்துகொண்டிருந்தது. “நேத்துத் தபால்ல வந்தா. உங்க பெட்டிக்குத்தான், மூணாம் நம்பர். பழைய தாய் போனதுலேர்ந்து குடும்பம் தவிச்சுக்கிடக்குது. புதுசா வந்தவளைக் கொட்ட வந்துட்டாங்க. அதான் கூண்டோட வெச்சுப் பழக்கறோம். என் பையில சூடா இருப்பான்னு வெச்சிருந்தேன்.”

ஸிக்மாஸ் கூண்டுக்கு அருகே குனிந்தார்.

“ராணித் தேனீ” என்றார் ஸிக்மாஸ்.

“ராணின்னு புத்தகத்துல சொல்லுவாங்க. எங்களுக்குத் தாய்தான்” என்றார் ஃபெலிக்ஸாஸ்.

“காலமானாள்னு போட்டிருந்ததே?”

“நாய் சாகும். பன்னி சாகும். தேனீ காலமாகும். டவுன்ல இதைக்கூட மறந்துட்டாங்களா?”

“பெட்டியில நாங்க செய்யறதைக் குறிச்சா, கருவியே செய்தி எழுதி அனுப்பிடும். அந்த வாசகமெல்லாம் அதுக்கு நான் சொல்லிக்கொடுத்தது” என்றாள் உர்தே. “தேனீயைச் செத்ததுன்னு சொல்லக் கூடாது, அதுங்களும் ஒரு குடும்பம்னு அம்மா சொல்லுவாங்க. அம்மா சொல்ற மாதிரியே எழுதி வெச்சேன்.”

ஸிக்மாஸ் வேலிக் கட்டையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு தேனீக்காகக் கௌனாஸ் நகரத்தின் ஏழாம் எண் வண்டி மௌனமாக நின்றது. ஒரு தேனீக்காக நூற்றுக்கணக்கானவர்கள் ஜெபம் சொன்னார்கள். அதுகூடப் பரவாயில்லை, எந்த ஜெபமும் வீணாவதில்லை. ஆனால் ஒரு தேனீயின் மறுமணத்துக்காக இந்தப் பெண்ணின் கம்பெனி நாளைக்குச் சாகப்போகிறதே!

“ஏன் கண்ணு,” என்றார், “செவ்வாக்கிழமையே ‘என் அம்மா நல்லா இருக்காங்க, போனது தேனீ’ன்னு ஒரு வரி எழுதியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காதே!”

“எழுத உக்காந்தேன் ஐயா. வரலை.”

“இணையமா? ஆமா, இந்தக் காட்டுல எப்படி வரும்?”

உர்தே குனிந்து புகைமூட்டியை எடுத்தாள். “அதுக்கப்புறம் பக்கத்தைத் திறந்தே பாக்கலை” என்றாள்.

“போன்ல ரெண்டு கோடு சிக்னல் காட்டுதே” என்று ஸ்தாஸே தன் போனைத் தூக்கிக் காட்டினாள். “இப்பவே எழுதுய்யா. உன் மடத்தனத்தை ஒளிக்காம எழுது. அதான் மருந்து.”

அல்தோனா கையை உடைக்கவில்லை. தலையசைத்தாள். ஸிக்மாஸ் எழுதினார்: “நண்பர்களே, காலமானது மூன்றாம் பெட்டியின் ராணித் தேனீ. புதிய தாய் தபாலில் வந்த இன்னொரு ராணி. மாப்பிள்ளை யாரும் இல்லை. ஒன்பதாம் பக்கத்தைப் படிக்காத ஒரு முட்டாள் செய்த குளறுபடி இது. பெயர் ஸிக்மாஸ். உர்தேயை நம்புங்கள்.”

கூடவே, ஃபெலிக்ஸாஸின் உள்ளங்கையில் இருந்த வலைக்கூண்டைப் படம் பிடித்துப் போட்டார்.

சற்று நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு அயர்லாந்துக்காரர் முதலில் சிரித்தார். அவரைத் தொடர்ந்து க்லைபெடா சிரித்தது. பிறகு எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள். விலகியவர்கள் திரும்பி வரத் தொடங்கினார்கள். வரும்போது அண்டை அயலையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். இவ்வளவு சிரித்துவிட்டுச் சும்மா போவது நன்றாக இருக்காது என்று நினைத்தார்களோ என்னவோ. “என் ஐம்பதை மறுபடி போட்டாச்சு. புது அம்மாவுக்கு என் வணக்கம்” என்று ரெமிகியுஸ் எழுதினார். பெண்கள் ஸிக்மாஸைச் சூழ்ந்துகொண்டு அந்தப் பச்சைக் கோட்டையே பார்த்தார்கள். அது நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. சூரியன் லிண்டன் மரங்களுக்கு மேற்கே சாய்ந்தபோது கரையைத் தொட்டது. பிறகு அதைத் தாண்டியும் போனது.

“தாண்டிடுச்சு!” என்று ஸ்தாஸே கத்தினாள். சாவுப் பாட்டுப் பாட வந்த பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். ஃபெலிக்ஸாஸையும் ஒருத்தி கட்டிக்கொண்டாள். அவர் அதை எதிர்பார்க்கவில்லை என்றாலும் மறுக்கவில்லை. உர்தே இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

“இன்னும் ஒரு வரி பாக்கி இருக்கு” என்றார் ஸிக்மாஸ். மனம் லேசாகியிருந்தது. “உர்தேயின் அம்மா நலமாக இருக்கிறார்” என்று எழுதிவிட்டு, அனுப்பும் பொத்தானின் மேல் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். “அம்மாவைக் கூப்பிடு கண்ணு. அவங்களையும் நிக்க வெச்சு ஒரு படம் எடுத்துப் போட்டுடறேன்.”

“ஆமா, கூப்பிடு” என்றாள் அல்தோனா. “உசிரோட இருக்கிறவங்களுக்குச் சாவுப் பாட்டுப் பாடியிருக்கோம். கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேக்காம போனா எனக்குத் தூக்கம் வராது.” வேனிலிருந்து லில்லிக் கட்டை எடுத்து வந்தாள். சட்டென்று நினைவு வந்தவளாய், “அடக் கடவுளே, ஆறு!” என்று சொல்லி ஒரு பூவை உருவித் தன் பையில் செருகிக்கொண்டாள். ஐந்து பூக்களோடு கட்டை நீட்டினாள்.

உர்தே கையை நீட்டினாள். ஆனால் வாங்கவில்லை. அவள் கண்கள் முதல் பெட்டியின் மேல் கிடந்த பச்சைத் துணிக்குப் போயின.

ஃபெலிக்ஸாஸ் கூண்டைப் பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்தார். தொப்பியைக் கழற்றினார்.

“அந்த ஒரு பூவைத் திரும்ப வெச்சிடுங்க அக்கா. போன குளிர்காலத்துப் பெரிய பனியில பாதை மூடிக் கிடந்தப்ப இவ அம்மாவைச் சறுக்குவண்டியில வெச்சு நானும் இவளும் மட்டுந்தான் கல்லறைக்கு இழுத்துட்டுப் போனோம். பாடறதுக்கு ஆளு இன்னிக்குத்தான் வந்திருக்கு.”